மதில்மேல் நின்ற ஒற்றி

ராஜாக்கள் உயிரோடு இருந்த காலத்தில் தங்கள் மானத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் செத்து மண்ணாகிப்போன பிறகு அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்காக ஏற்பட்டதுதான் வரலாற்றுக் கதை ஒப்புதல் மன்றம். ஒரு கதையில் ஒரு ராஜாவோ, ஒரு கோட்டையோ, குறைந்தபட்சம் ஒரு குதிரையோ வந்துவிட்டால் மன்றத்தின் முத்திரை இல்லாமல் எந்த அச்சகமும் அதைத் தொடக் கூடாது. குதிரை மட்டும் வந்தால் சலுகை உண்டு என்று ஒரு பேச்சு இருந்தது. விசாரித்ததில் அந்தச் சலுகை கழுதைக்குத்தானாம்.

மன்றத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. நான் கதை எழுதுகிறவன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். பல் செட் செய்கிற ஒரு பெண்ணுக்கு அங்கே நடந்ததை அவள் சொல்லக் கேட்டு உங்களுக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான். நடுவில் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தெறித்தால் துடைத்துக்கொள்ளுங்கள்.

அவள் ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் வேலை பார்த்தாள். டாக்டர் வாயை அச்செடுத்து அனுப்புவார். இவள் அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, வேகவைத்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் அவள் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். தங்கையைச் சின்ன வயதிலிருந்தே எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஏறாத மரம் இல்லை, குதிக்காத சுவர் இல்லை. வளர்ந்ததும் அதையே பிழைப்பாக்கிக்கொண்டு, உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு பூசப் போனாள். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்தாள். அத்தனை உயரத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. வாலு உயிர் பிழைத்தாள், இடுப்புக்குக் கீழே பிழைக்கவில்லை.

அதோடு அவள் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவளுக்குப் பல் எல்லாம் பத்திரமாக இருந்தது, சொல்தான் போயிருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பாள். சாப்பிடுகிறாயா என்றால் தலை அசையும். டாக்டர், "உடம்புல ஒண்ணும் இல்லம்மா, அவங்களாப் பேசினாத்தான் உண்டு" என்று கையை விரித்துவிட்டார்.

அந்த மௌனம் தாங்காமல் அக்கா தானே பேச ஆரம்பித்தாள். அவளுக்குப் பேச என்ன இருக்கிறது, பல்லைத் தவிர? கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொன்னாள், எடுப்புப் பல்லைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கே அலுத்துப்போய் ஒரு நாள், "ஒரு ஊர்ல ஒரு கோட்டை இருந்துச்சாம்" என்று தொடங்கினாள். அந்தக் கோட்டையில் விளக்கேற்றுகிறவருக்கு ஒரு மகள். எந்த ஜன்னலில் எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் மாலை எரியக் கூடாத ஜன்னலில் ஒரு விளக்கு எரிகிறது. யாரோ எதிர்க்கரையில் இருக்கும் எதிரிக்குச் சைகை கொடுக்கிறார்கள். மகள் வேவு பார்க்கிறாள். கோட்டையைக் காட்டிக்கொடுப்பது தளபதியே என்று தெரிகிறது. வாசல்களில் எல்லாம் அவனுடைய ஆட்கள். மிச்சம் இருப்பது மதில். மதிலுக்குக் கீழே அகழியில் ஒரு படகு. படகில் எதிர்க்கரைக்காரன் ஒருவன், அவளை நான்கு நாளாகப் பார்த்துச் சிரிக்கிறவன். அவன் கை நீட்டுவானா, கத்தியை நீட்டுவானா, அவளுக்குத் தெரியாது.

"அவ மதில்மேல ஏறி நின்னா. கீழ எட்டிப் பார்த்தா. தலை சுத்திச்சு..."

"குதிக்கிறவ கீழ பார்க்க மாட்டாக்கா" என்றது கட்டில்.

அக்காவின் கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டது. வாலு சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தாள். "எதிர்லதான் பார்ப்பா. கீழ பார்த்தா கால் வராது. அப்படி மாத்து."

அன்றைக்கு அக்கா அழுததை நான் என் வீட்டிலிருந்தே கேட்டேன். சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அக்கா எழுத, வாலு திருத்த, கதை வளர்ந்தது. காதல் எல்லாம் அக்காவின் பொறுப்பு. ஏறுவது, தொங்குவது, பாய்வது எல்லாம் வாலுவின் பொறுப்பு. மதில் கட்டத்தை மட்டும் மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் இப்படி நிறுத்தினார்கள்: "கீழே பார்ப்பவர்கள் குதிப்பதில்லை. அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். அடுத்த கணம் அவள் காலடியில் மதில் இல்லை." இதைப் படித்ததும் வாலு கை தட்டினாள். கதைக்குக் கோட்டை ஒற்றி என்று பெயர் வைத்தார்கள். வேவு பார்க்கிற ஆண் ஒற்றன் என்றால் பெண் ஒற்றிதானே? இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் அவ்வளவுதான்.

"இது புக்கா வரணும்க்கா" என்றாள் வாலு. "என்னைப் பார்க்க வர்றவங்க எல்லாம் விழுந்தவன்னுதான் பார்க்கறாங்க. குதிச்சவன்னு ஒருத்தியாவது இருக்கட்டும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அக்கா மன்றத்துக்குப் போனாள்.

மன்றம் மாடியில் இருந்தது. படிக்கட்டின் கைப்பிடி கழன்றுபோய், அதற்குப் பதிலாக ஒரு கொடிக்கயிறு கட்டியிருந்தார்கள். அவள் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினாள். பதிவு எழுத்தர் கையெழுத்துப் பிரதியை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்தார். மன்றத்தில் எந்தக் கதையையும் தலைப்புக்கு மேல் படிக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை.

"கோட்டை ஒற்றி" என்று வாய்விட்டுப் படித்தார். "ஒத்தி விவகாரமா? இந்த வரிசையில கடைசி ரூம்."

கடைசி அறையில், ஒத்திகளைக் கவனிக்கிற அடைமான வரலாற்றுப் பிரிவு இருந்தது. அதற்கு ஒரு அதிகாரி இருந்தார். பிரிவு ஏற்பட்ட நாளிலிருந்து ஒரு கதையும் வராததால் மனிதர் காய்ந்துபோயிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. கோட்டையை ஒத்திக்கு விட்டது யாரு?"

"யாரும் விடலைங்க சார். ஒற்றிங்கறது ஒரு பொண்ணு."

"பொண்ணையே ஒத்திக்கு விட்டுட்டாங்களா! எந்த ராஜா?"

"இல்ல சார். ஒற்றன் இருக்கான் இல்லீங்களா, அவனுக்குப் பெண்பால். வேவு பார்க்கறவ."

அதிகாரி வருத்தமாகச் சிரித்தார். "அம்மா, எனக்குப் புரியுது. ஆனா ஃபைலுக்குப் பேர் விழுந்துடுச்சு. ஒத்தின்னு உள்ள வந்தது ஒத்தியாத்தான் வெளிய போகும். சரி, மூலப் பத்திரம் இருக்கா?"

"இது கதை சார்."

"கதைக்கு மூலம் வேண்டாமா? போகட்டும். அந்தக் கோட்டைல வில்லங்கம் ஏதாவது உண்டா?"

"நிறைய இருக்கு சார். தளபதியே எதிரிக்கு ஆளு. அந்த வில்லங்கந்தான் கதையே."

அதிகாரி முகம் மலர்ந்து, 'வில்லங்கம் உண்டு என மனுதாரரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டார்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போதே வாலு கேட்டாள். "குதிச்சாளா?"

"இன்னும் மதில்மேலதான் நிக்கறா. அவளை ஒத்தின்னு சொல்றாங்க."

வாலு சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "ஒத்திப் பணம் எவ்வளவுன்னு கேட்கலியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். எனக்கும் சுவர் வழியாகக் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு என்பதால் நான் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவைக்கச் சொல்லாய்வாளரிடம் அனுப்பினார்கள். அவருடைய மேசையில் அகராதிகள் இரண்டு பக்கமும் உயர்ந்து நின்றன. நடுச் சந்தில் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"என் ஆயுசுல பாதி அகராதியோடதான் குடித்தனம்மா. அதனால சொல்றேன். ஒரு சொல் இருந்தா அந்தப் பொருள் இருக்கு. சொல் இல்லைன்னா பொருள் இல்ல. ஒற்றன் இருக்கு, வேவுகாரன்னு. ஒற்றியும் இருக்கு, அடைமானம்னு. வேவு பார்க்கற பொண்ணுக்குத் தனிச் சொல் கிடையாது. ஆகவே வேவு பார்த்த பொண்ணு கிடையாது."

"ஒருத்திகூடவா சார் பார்த்திருக்க மாட்டா?"

"பார்த்திருக்கலாம். ஆனா வரலாறு ஆச்சே, சொல் இல்லாதவளை எங்க உட்கார வைக்கறது?"

"அப்ப வேற ஒரு சொல் புதுசா வெச்சுக்கட்டுமா?"

"புதுச் சொல்லுக்குத் தனிக் குழு இருக்கு. அதுல பெண் உறுப்பினர் ஒருத்தர் இருக்கணும்னு விதி. உறுப்பினர்ங்கறதுக்குப் பெண்பால் என்னன்னு முடிவாகாததால இன்னும் யாரையும் நியமிக்கலை."

அவள் பிரதியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சொல்லாய்வாளர் இளகினார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். "ஒண்ணு பண்ணுங்க. ஒற்றிங்கறது பத்திரம். அந்தப் பத்திரத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்கறா. பத்திரம் இருக்கறதால அவளும் இருந்துட்டுப் போகட்டும்."

"மதில்மேல பத்திரத்தோட என்ன சார் பண்ணுவா?"

"ஒத்திப் பத்திரம்னா நிலுவைல நிக்கறதுதானேம்மா. அது மதில்மேல நின்னா மட்டும் என்ன?"

இப்படியாக விளக்கேற்றுபவர் மகளின் கையில் ஒரு அடைமானப் பத்திரம் வந்து சேர்ந்தது. "ஒரு கையில பேப்பரை வெச்சுக்கிட்டு எப்படிக்கா குதிப்பா?" என்று வாலு கவலைப்பட்டாள். யோசித்து, "பல்லுல கடிச்சுக்கச் சொல்லு" என்று அவளே வழியும் சொன்னாள்.

அடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி. வரலாற்றில் எத்தனையோ பேர் யானையிலிருந்தும் மாடத்திலிருந்தும் விழுந்திருக்கிறார்கள், அவை எல்லாம் தவிர்த்திருக்கக்கூடியவை என்பது அவருடைய கொள்கை.

"மதில் எவ்வளவு உயரம்?"

"கோட்டை மதில் சார். உயரமாத்தான் இருக்கும்."

"அப்ப கைப்பிடி கட்டாயம்."

"மதிலுக்குக் கைப்பிடி வெச்சா எதிரி அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறிடுவானே சார்."

"ஏறட்டுமே. விழாம ஏறுவான் இல்ல? பாதுகாப்புங்கறது எல்லாருக்கும் பொதும்மா. இந்தப் பொண்ணு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் படி வழியா இறங்கட்டும். பக்கத்துல ஒரு படிக்கட்டு வெச்சுக் கொடுத்துடுங்க."

அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. அல்லது பொறுமை போனது. "சார், என் தங்கச்சி நிஜமாவே விழுந்தா. கட்டட வேலைல. சாரத்துக்குக் கைப்பிடி இல்ல. யாருமே வந்து கேட்கலை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் நிஜமாகவே கலங்கியது. "பாவம்மா. சின்னப் பொண்ணா? ஆனா நிஜச் சாரம் எங்க வரம்புல வராது. கதையில வர்ற உயரத்துக்கு மட்டும்தான் நாங்க பொறுப்பு. அதுல நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து ஒருத்தரைக்கூட விழ விட்டதில்ல. போன மாசம் ஒரு இளவரசர் குதிரைலேர்ந்து விழப் பார்த்தாரு. குதிரையை உட்கார வெச்சுட்டோம்." அவள் எழுந்தபோது பின்னாலேயே வந்து, "படியில பார்த்து இறங்குங்க, கைப்பிடி கழண்டிருக்கு" என்று அக்கறையாகச் சொன்னார்.

"கைப்பிடியா!" என்று வாலு கத்தினாள். "மதிலுக்குக் கைப்பிடி வெச்சா அது மதிலாக்கா? மாடிப்படி!" இந்தத் தடவை சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமி ஓய்ந்ததும், "அவங்க கிடக்கறாங்க. குதிக்கறதை மட்டும் விட்டுடாதக்கா" என்றாள்.

விட்டுவிட மாட்டேன் என்று அக்கா அவள் தலையில் கை வைத்துச் சொன்னாள். அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. அன்றைக்கு அது பொய்யும் இல்லை.

காதலுக்கும் மர்மத்துக்கும் மன்றத்தில் ஒரே மேசை. ஆள் பற்றாக்குறை. அங்கே ஒரு அம்மாள் இருந்தார், எதைப் படித்தாலும் கொட்டாவி வருகிற முகம்.

"கை நீட்டுவானா, கத்தியை நீட்டுவானான்னு எழுதியிருக்கீங்க. எதைத்தான் நீட்டறான்?"

"அது அடுத்த அத்தியாயத்துல தெரியும் மேடம்."

"அதுவரைக்கும் வாசகர் என்ன பண்ணுவாரு?"

"தவிப்பாரு."

"மன்றத்து முத்திரையோட வர்ற புத்தகத்தால யாரும் தவிக்கக் கூடாது. தளபதி துரோகி, படகுக்காரன் நல்லவன், முடிவு கல்யாணம். இதை முதல் பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டுடுங்க. ஒளிவுமறைவு இல்லாத மர்மத்துக்குத்தான் அனுமதி. அப்புறம், இவங்க காதலிச்சதுக்கு ஆதாரம்? கல்வெட்டு ஏதாவது?"

"அது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் மேடம் தெரியும்."

"சாட்சி இல்லாத காதலை நாங்க அறிமுகம்னு சேர்ப்போம். அறிமுகமானவங்க கை நீட்டறது சரியா இருக்காது. வணக்கம் சொல்லிக்கட்டும்." அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா இந்த மாதிரிக் கதை. சின்ன வயசுல சோறு தண்ணி இல்லாம படிப்பேன். அந்த ஆசைலதான் இந்த வேலைக்கே வந்தேன். இப்ப படிக்கறதே இல்ல. குறிப்பு எழுதவே நேரம் சரியா இருக்கு."

இப்படிப் போனதில் பருவம் மாறியது. ஒவ்வொரு குறிப்புக்கும் அக்கா முதல் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. திருத்தியதைத் திருத்திய இடத்தில் வைத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பகலில் மெழுகில் பல் அடுக்கினாள், மாலையில் சொல் அடுக்கினாள். அடுக்கியதை எல்லாம் வாலுவுக்குப் படித்துக் காட்டினாள். முதலில் வாலு கேலி செய்தாள். பிறகு திட்டினாள். பிறகு, "சரி, குதிச்சாளா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க அக்கா பக்கத்தில் வந்து உட்காரும்வரை காத்திருந்தாள். ஒரு நாள் கேட்கவில்லை. மறுநாளே அக்கா லீவு போட்டுவிட்டு, தலைவரைப் பார்த்தே தீருவேன் என்று போய் நின்றாள்.

முழு மன்றமும் கூடியிருந்தது. தலைவர் வாய் திறந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல் வரிசை, முன்பல் இரண்டும் ஒரு நூல் அளவு விலகி, இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று அவளே இழைத்தது. அவளுடைய பல். அந்தப் பல்லால் தலைவர் பேசினார்.

"கற்பனைக்கு இந்த மன்றம் எதிரி இல்ல. கற்பனை உண்மையா இருக்கணும், அவ்வளவுதான் நாங்க கேட்கறது. வீரத்துக்கு எதிரி இல்ல, வீரம் அடக்கமா இருக்கணும். இளைஞர்கள் வரலாறு படிக்கணும்னு எங்களுக்கும் ஆசைதான். படிச்சா கேள்வி கேட்கறாங்க, அதுதான் சங்கடம்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

"ஐயா" என்று அவள் எழுந்தாள். "நீங்க சொன்னது எல்லாத்தையும் மாத்திட்டேன். காதல் வேண்டாம், எடுத்துட்டேன். மர்மம் வேண்டாம். கோட்டையே வேண்டாம்னாலும் எடுத்துடறேன். ஒரே ஒரு சுவர் மட்டும் போதும். அவளை ஒரு தடவை குதிக்க விடுங்க ஐயா. வீட்டுல என் தங்கச்சி அதைக் கேட்கத்தான் பேசிக்கிட்டு இருக்கா. அது இல்லைன்னா மறுபடியும் பேச்சை நிறுத்திடுவா."

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். "உட்காரும்மா. மதில்மேல் பூனைன்னு நம்ம முன்னோர்கள் சொல்லியிருக்காங்க. மதில்மேல் பொண்ணுன்னு சொல்லியிருக்காங்களா? இல்ல. சரி, பூனையாவே வெச்சுக்குவோம். அது எந்தப் பக்கம் குதிக்கும்னு தெரியாததுதானே அந்தப் பழமொழிக்கு அழகு? குதிச்சுடுச்சுன்னா பழமொழி என்ன ஆகறது? இத்தனை காலமா அந்தப் பூனையைக் குதிக்க விடாம நம்ம மொழி காப்பாத்திக்கிட்டு வருது. ஒரு பல் செட் பண்ற பொண்ணு வந்து கேட்டதுக்காக அதை நான் தள்ளிவிட முடியுமா?"

பலத்த கைதட்டல். சொல்லாய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே முத்திரை விழுந்தது. கதை ஏற்கப்பட்டுவிட்டது என்று எல்லாரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். மாற்றாத பழைய பிரதியை ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்கள். அது வெளியில் இருந்தால் மாற்றியதற்கு மரியாதை இருக்காதாம். வீட்டிலிருந்த அடித்தல் திருத்தல் தாள்கள் வரை வாங்கிக்கொண்டார்கள். அவற்றை எல்லாம் கூழாக்கி, மன்றத்துக்கு ஃபைல் அட்டை செய்வார்கள். சிக்கனமான மன்றம்.

கொடுக்காமல் ஒளித்துவைத்திருக்கக் கூடாதா என்று நானே அவளைக் கேட்டேன். "கொடுத்தாத்தான் புக்கு வரும்னாங்க அண்ணா. புக்குன்னு ஒண்ணாவது அவ கையில கொடுக்கணுமே" என்றாள். அவளுடைய நிலைமையில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன். நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

புத்தகம் வந்தது. கோட்டை ஒற்றி: ஒரு மீட்பு வரலாறு. அட்டையில் அரக்கு முத்திரை போட்ட பத்திரத்தின் படம். விழா நடத்தி, அடைமான இலக்கியத்தில் முதல் நூல் என்று பரிசும் கொடுத்தார்கள். அடைமானப் பிரிவு அதிகாரிதான் மேடையில் பாராட்டிப் பேசினார். "நாயகி கடைசிவரைக்கும் எங்கயும் போகலை. ஒத்திக் காலம் முடிஞ்சதும் படகுக்காரர் வந்து முறைப்படி மீட்டுக்கிட்டுப் போறாரு. இதைவிட ஒரு பொண்ணுக்கு என்ன பாதுகாப்பு வேணும்? என் வாழ்நாள்ல இப்படி ஒரு காதல் கதை படிச்சதில்ல" என்று புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நானும் ஒரு பிரதி வாங்கினேன். இரண்டாம் பக்கம் தாண்ட முடியவில்லை. தூக்கம் வராதவர்கள் யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாலுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை வந்திருந்தது. வாலு சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாடி, புக்கு."

வாலு திரும்பவில்லை. "குதிச்சாளா?" என்றாள். குரல் சுவரில் பட்டு வந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது. அச்சில் இருப்பதைப் படிக்கப் போவதில்லை. புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, பழையதை மனப்பாடமாகச் சொல்லப் போகிறாள். வாலுவுக்கு எப்படித் தெரியும்? நல்ல யோசனைதான். நான் தலையாட்டினேன்.

"குதிச்சா. கேளு" என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கீழே பார்ப்பவர்கள்..."

வாலு மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

"கீழே பார்ப்பவர்கள்... கீழே பார்ப்பவர்கள் கவனத்துக்கு..." அக்கா நிறுத்தினாள். கண்ணை மூடினாள். மறுபடி ஆரம்பித்தாள். "அவள் எதிர்... எதிர்ப்புறம் அமைந்த படிக்கட்டை, உரிய அனுமதி பெற்று..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். எத்தனை தடவை எழுதியிருப்பாள் அதை! எழுதி எழுதி, பழைய மூன்று வாக்கியம் இருந்த இடத்தில் இது வேர்விட்டிருந்தது. நான் எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். சுவர் வழியாக நானும் எத்தனையோ தடவை கேட்ட வாக்கியம். எனக்கும் படிக்கட்டுதான் வந்தது.

"எனக்கு வரலடி" என்று அக்கா உடைந்துபோய் அழுதாள். "நீ சொல்லு. நீ சொல்லித்தானே எழுதினேன். அவ எப்படிக் குதிச்சா? நீ சொல்லு."

வாலு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். நெற்றி சுருங்கியது. போர்வைக்கு மேல் இருந்த கைவிரல்கள் எதையோ பற்றப் பார்ப்பதுபோல் மெல்ல மடங்கின. அவள் சொல்லிவிடுவாள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

"மதில்மேல நிக்கறா..." என்றாள். கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள்.

"கைப்பிடி இருக்காக்கா அங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அக்கா பக்கத்தைப் பார்த்தாள். அச்சில் இருந்தது. "இருக்கு."

"அப்ப கெட்டியாப் பிடிச்சிக்கச் சொல்லு" என்றாள் வாலு.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.